அறுபதில் வரும் உதறல்

– இப்ப? இப்ப வருதா?

– வருது மாப்ளே. லேசா வருது.

– சும்மா வருது வருதுன்னா எப்படி அத்தான்? ஸ்டியரிங்லயா, சீட்லயா, காலுக்கடியிலயா?

– ஸ்டியரிங்ல. இல்ல இரு, எல்லா இடத்துலயும்தான்.

– மீட்டர் எவ்வளவு காட்டுது?

– அறுபது. அறுபதைத் தொட்டாத்தான் வரும். அதுக்குக் கீழ கைக்குழந்தை மாதிரி தூங்கும். மொதல்லருந்து அதைத்தானே சொல்லிட்டிருக்கேன்.

– கிளட்ச்சை மிதிச்சு நியூட்ரல்ல போடுங்க. வண்டி அது பாட்டுக்கு ஓடட்டும்.

– போட்டுட்டேன்.

– இப்ப?

– இப்பவும் இருக்கு.

– அப்ப இன்ஜின் இல்ல. இன்ஜினா இருந்தா இந்நேரம் அடங்கியிருக்கணும். சரி, அதைக் கழிச்சாச்சு.

– நீ இப்படியே ஒவ்வொண்ணா கழிச்சுக்கிட்டு வா. கடைசில நீயும் நானும்தான் மிச்சம் இருக்கப்போறோம்.

– சிரிக்காதீங்க அத்தான். எனக்குச் சிரிப்பு வரல.

– சரி, விடு. மூஞ்சிய அப்படி வச்சுக்காதே. வண்டி பார்க்க வந்த மெக்கானிக் மாதிரியா இருக்கே? எழவு வீட்டுக்குக் கிளம்பின மாதிரி இருக்கே.

– அங்கதான் போகப்போறேன். சாயங்காலம் நெட்டையன் வீட்டுக்கு.

– இன்னிக்கேவா?

– இன்னிக்கே. அவர் வீட்டுக்காரம்மாகிட்ட வாக்குக் கொடுத்திருக்கேன். வண்டில என்ன பழுதுன்னு நேர்ல வந்து சொல்றேன்னு.

– ஏன்ப்பா உனக்கு இந்த வேண்டாத வேலை?

– வேண்டாத வேலையா? தினம் காலையில நான் ஷட்டரைத் தூக்குற நேரத்துக்கு எதிர் பிளாட்பாரத்துல வந்து நிக்குது அந்தம்மா. திட்டினாப் பரவால்ல. மண்ணை வாரி இறைச்சாக்கூடப் பரவால்ல. ஒண்ணும் பேசாது. நான் ஸ்பேனர் பிடிக்கிறதையே பார்த்துட்டு நிக்கும். வண்டி விட வந்தவங்க அதைப் பார்த்துட்டு அப்படியே திரும்பிப் போயிடறாங்க. அதுகூடப் பெரிசில்ல. அந்தம்மா பார்க்குறப்ப எனக்கு நட்டு கைல நிக்க மாட்டேங்குது அத்தான். நேத்து தாங்காம ரோட்டைத் தாண்டிப் போய் நானே கேட்டுட்டேன், உங்களுக்கு என்னம்மா வேணும்னு. 'அவர் எதனால செத்தார்னு ஒரு வார்த்தை சொல்லுங்க, போயிடறேன்'னு சொல்லுச்சு.

– என்கூட லோடுக்கு வந்தவன், பின்னாடி ஏத்தின கண்ணாடி சரிஞ்சு செத்தான். ஊருக்கே தெரியும்.

– கண்ணாடி எதனால சரிஞ்சுது?

– வண்டி உதறினதால.

– வண்டி எதனால உதறிச்சு? அதுதானே கேள்வி. நாளைக்கு சொல்றேம்மா, கண்டிப்பா சொல்றேன்னேன். இன்னிக்குக் காலையில அந்தம்மா வரல. நான் சொன்னதை நம்பி விட்டுடுச்சு போல.

– லாரி வருது பாரு, ஒதுங்கறேன்.

– நீங்க ஏன் ஒரு கையால ஓட்டுறீங்க?

– வலது தோள்பட்டை பிடிச்சுக்கிச்சு. ராத்திரி ஒருக்களிச்சுப் படுத்துட்டேன். நீ வண்டியப் பாருய்யா, என்னை ஏன் பார்க்குறே?

– சரி. அடுத்தது சக்கரம். உங்க நாலு சக்கரத்தையும் கழட்டிட்டு பால் வண்டிக்காரரோட சக்கரத்தைப் போட்டிருக்கேன். அவர் வண்டில இது வெண்ணெய் மாதிரி ஓடிச்சு. இதுலயும் உதறல் வருதுன்னா சக்கரம் காரணம் இல்ல.

– இல்ல.

– இன்ஜினைத் தாங்குற ரப்பர் எல்லாம் புதுசு. ஸ்டியரிங் முட்டு புதுசு. அதுவும் கிடையாது.

– கிடையாது.

– அப்ப எது பாக்கி? தண்டுதான் பாக்கி. இன்ஜின்லருந்து பின் சக்கரத்துக்குச் சுழற்சிய கொண்டு போற தண்டு. நான் கழட்டி மாட்டின தண்டு. நெட்டையன் போறதுக்கு முந்தின வாரம் நான் கழட்டி மாட்டினது.

– அதை எத்தனை தடவை சொல்லுவே?

– அது ரெண்டு துண்டு அத்தான். ஒண்ணுக்குள்ள ஒண்ணு பல்லுப் பல்லா சொருகி நிக்கும். கழட்டறதுக்கு முன்னாடி ரெண்டுக்கும் சேர்த்து வெள்ளைப் பெயிண்ட்ல ஒரு கோடு இழுத்துடுவேன். திரும்ப மாட்டறப்ப கோடும் கோடும் சேரணும். ஒரு பல்லு மாறி உட்கார்ந்தாலும் போச்சு. நிக்கிறப்ப ஒண்ணும் தெரியாது. வேகம் எடுத்தா வண்டியே உதறும்.

– நேத்து கழட்டிப் பார்த்தியே. கோடு சேர்ந்துதானே இருந்துது?

– சேர்ந்துதான் இருந்துது.

– அப்புறம் என்ன?

– அந்தக் கோட்டை நான் கழட்டறதுக்கு முன்னாடி போட்டேனா, மாட்டி முடிச்சதுக்கு அப்புறம் போட்டேனா? சத்தியமா ஞாபகம் இல்ல. அன்னிக்கு அக்கா சாப்பாடு எடுத்துட்டு வந்திருந்தா. பேசிக்கிட்டே வேலை பார்த்தேன். பின்னாடி போட்ட கோடா இருந்தா அது எப்படி உட்கார்ந்திருந்தாலும் சேர்ந்துதான் காட்டும். அந்தக் கோட்டை வச்சு என்னத்தைக் கண்டுபிடிக்கிறது? என் கையால போட்ட கோடு எனக்கே சாட்சி சொல்ல மாட்டேங்குது.

– நீ ரொம்ப யோசிக்கிறே மாப்ளே. யோசிச்சே செத்துடுவே.

– எனக்கு பயமா இருக்கு அத்தான். ஒரு மனுஷனைக் கொன்னுட்டு அது தெரியாமலே சோறு தின்னுட்டு இருக்கேனோன்னு பயமா இருக்கு. நெட்டையன் என் ஷட்டர்ல தலைய இடிச்சுக்காத நாளே இல்ல. இடிச்சுட்டு ஷட்டர்கிட்டயே மன்னிப்பு கேப்பார். இன்னமும் யாராவது உள்ள வந்தா, குனிங்கன்னு எனக்கு வாய் வந்துடுது.

– நல்லவன்தான். யார் இல்லன்னா?

– அந்த மர நிழல்ல நிறுத்துங்க. நான் ஓட்டுறேன். நீங்க இந்தப் பக்கம் வாங்க.

– நீ எதுக்கு?

– ஓட்டுறவனுக்குத் தெரியறது ஒண்ணு, பக்கத்துல இருக்கறவனுக்குத் தெரியறது ஒண்ணு. இடத்தை மாத்தி உட்கார்ந்தாத்தான் நிஜம் தெரியும். இறங்குங்க. உங்க ஃபோன் அடிக்குது பாருங்க.

– உங்க அக்காதான். இந்தா, ஸ்பீக்கர்ல போடு.

– தம்பி! சாப்பிட்டியா சாமி?

– இல்லக்கா. ரோட்டுல இருக்கோம்.

– பொழுது எங்க போச்சு, வயித்தை இப்படிக் காயப்போடறியே! உனக்குப் பிடிச்ச குழம்பு வச்சிருக்கேன், ஆறிப்போயிடும். என் ராசா, வண்டிக்கு என்னன்னு தெரிஞ்சுதா?

– இன்னும் இல்ல. பார்த்துட்டே இருக்கேன்.

– பார்த்துட்டே இருந்தா ஆச்சா? பழைய வண்டிடா. ஏதாவது ஒண்ணு தேஞ்சுதான் இருக்கும். இல்லன்னா நீ அன்னிக்கு அந்தத் தண்டை மாட்டறப்ப...

– அக்கா, அதைத்தான் பார்த்துட்டிருக்கேன்.

– நான் குத்தம் சொல்லல சாமி. மனுஷன்னா மறதி இருக்கும். நான் வேற பக்கத்துல உட்கார்ந்து தொணதொணன்னு பேசிட்டிருந்தேன். வேணும்னா என் மேலயே தப்புன்னு வச்சுக்கோ.

– உன் மேல என்னக்கா தப்பு?

– அப்ப ஒத்துக்கிட்டுப் போயிடேன். மறந்துட்டேன்னு ஒரு வார்த்தை. உன்னை யாரும் தூக்குல போடப்போறதில்ல. நாலு நாள் பேசுவாங்க, அஞ்சாம் நாள் அவங்க அவங்க சோலியப் பார்க்கப் போயிடுவாங்க. நீ இப்படி உள்ளுக்குள்ள புழுங்கிப் புழுங்கி இளைக்கிறதை என்னால பார்க்க முடியல ராசா. அவர் பக்கத்துலதான் இருக்காரா?

– இருக்கேன், இருக்கேன். சொல்லு.

– மாத்திரை போட்டீங்களா?

– போட்டேன். வை ஃபோனை.

– தம்பி, சாயங்காலம் அங்கல்லாம் போக வேணாம். நேரா வீட்டுக்கு வந்துடு.

– எங்க போறேன்னு உனக்கு யாருக்கா சொன்னா?

– நீ எங்க போவே, என்ன செய்வேன்னு எனக்குத் தெரியாதா? உன்னை இடுப்புல சுமந்தவடா நான். வச்சுடறேன், அடுப்புல பால் இருக்கு.

– என்ன மாத்திரை அத்தான்?

– பிரஷருக்கு. இந்த வயசுல யாருக்கு இல்ல? ஏறு, ஏறு. நேரம் ஆகுது.

– இருங்க, இந்த டம்ளரை முன்னாடி வைக்கிறேன். முன் கண்ணாடிக்குக் கீழ, இங்க. அடியில ஈரத்துணி போட்டா நகராது. தண்ணி விளிம்புக்குக் கொஞ்சம் கீழ வரைக்கும் ஊத்துங்க.

– இது என்ன புதுசா? பூஜை போடறியா?

– தண்ணிக்குப் பொய் சொல்லத் தெரியாது. ரோட்டு மேடு பள்ளத்துக்குக் கொஞ்சம் சாயும், அது வேற. உதறல்னா வளையம் வளையமா எழும்பி வெளிய தெறிக்கும். வர்றப்ப சொல்லுங்க. நான் மீட்டரைப் பார்த்துக்கிறேன்.

– ஆகட்டும்.

– நாப்பது. அம்பது. என்னங்க?

– ஒண்ணும் இல்ல.

– அறுபது. அறுபத்தஞ்சு. பாருங்க தண்ணிய.

– நீ ஓட்டினா வண்டிக்கு பயம் வந்துடுது போல. டாக்டரைப் பார்த்ததும் வலி போயிடற மாதிரி.

– எழுபதும் தொட்டுட்டேன். ஒரு சொட்டு வெளிய வரல அத்தான். தண்டு ஒரு பல்லு மாறி இருந்தா இந்நேரம் டம்ளரே கீழ விழுந்திருக்கும். தண்டு சரியாத்தான் இருக்கு! கடவுளே. கோடு நான் முன்னாடியேதான் போட்டிருக்கேன்.

– அழாதடா. ரோட்டைப் பாரு.

– அழல. சும்மா இருங்க. எத்தனை நாளைக்கு அப்புறம் மூச்சு விடறேன்.

– சரி, அப்ப முடிஞ்சுதுல்ல? வண்டி தானா சரியாயிடுச்சு. கிளம்பலாம்.

– தானா எப்படி சரியாகும்? இப்பத்தானே வருது வருதுன்னீங்க? இதே ரோடு, இதே சக்கரம். நீங்க இந்தப் பக்கம் வாங்க. நீங்க ஓட்டுங்க, டம்ளர் இருக்கட்டும்.

– எனக்கு அலுப்பா இருக்கு மாப்ளே.

– ஒரே ஒரு தடவை. திரும்பி ஊருக்கு எப்படியும் போகணும்ல? ஓட்டிட்டே போவோம்.

– பிடிவாதத்துல அப்படியே உங்க அக்கா.

– ரெண்டு கையும் வச்சு ஓட்டுங்க. தோள்பட்டை வலிச்சாலும் பரவால்ல, கொஞ்ச தூரம்தானே. ம். இன்னும் மிதிங்க. அறுபது. வருதா?

– வருது. இதோ, நல்லாவே வருது. பார்த்தியா?

– பார்த்தேன்.

– அப்பாடா. நான் பொய் சொல்றேன்னு நினைச்சுட்டே இல்ல?

– தண்ணி அசையல அத்தான்.

– என்ன?

– தண்ணி அசையல. உங்க சட்டைக் கைதான் அசையுது. வலது பக்கம் மட்டும்.

– காத்து. ஜன்னல் திறந்திருக்கு.

– ரெண்டு ஜன்னலையும் கிளம்பறப்பவே ஏத்திவிட்டுட்டேன். ஓரமா நிறுத்துங்க.

– மாப்ளே...

– நிறுத்துங்க அத்தான். இன்ஜினை ஆஃப் பண்ணுங்க. இப்ப அந்த டம்ளரைக் கையில எடுங்க. வலது கையால.

– என்னடா இது, சின்னப் பசங்க விளையாட்டு?

– எடுங்க.

– எடுத்துட்டேன், போதுமா? இந்தா, வச்சுடறேன். சட்டையெல்லாம் ஈரம்.

– இன்ஜின் ஓடலயே அத்தான்.

– தெரியுது.

– வண்டி நிக்குது.

– தெரியுதுன்னேன்ல! கத்தாதே.

– நான் கத்தலயே. நீங்கதான் கத்துறீங்க. எத்தனை நாளா?

– கொஞ்ச நாளா. நெட்டையன் போனப்புறம்தான். அந்த அதிர்ச்சில வந்துது. அவன் முகம் கண்ணு முன்னாடி நிக்குது, கை நடுங்குது. யாருக்கும் வரும்.

– அப்படியா?

– பின்ன?

– அன்னிக்கு எந்த இடத்துல ஸ்டியரிங் கைய விட்டுப் போச்சு? எனக்கு மறுபடி சொல்லுங்க.

– தண்ணி டேங்க் வளைவுல. எத்தனை தடவைடா சொல்றது? ஸ்டியரிங் உதறுச்சு, கைய விட்டு நழுவிடுச்சு. முன் சக்கரம் பிளாட்பாரத்துல ஏறி இறங்கிச்சு. பின்னாடி ஸ்டாண்டுல கட்டியிருந்த கண்ணாடி மொத்தமும் ஒரு பக்கமா சாஞ்சுது. அவன் அந்தப் பக்கம் பிடிச்சுட்டு நின்னிருந்தான்.

– அந்த வளைவுல அறுபதுல போனீங்களா?

– பைத்தியமா உனக்கு? கண்ணாடி லோடை வச்சுக்கிட்டு அங்க யார் அறுபதுல போவா? முப்பது இருந்திருக்கும். அதுக்கும் கம்மியா...

– அறுபதுக்குக் கீழ கைக்குழந்தை மாதிரி தூங்கும்னீங்க.

– தண்ணி மிச்சம் இருந்தா கொடு. வாய் உலருது.

– நான்தான் பிடிக்கணுமா டம்ளரை?

– இல்ல. இடது கையால குடிச்சுக்கிறேன்.

– டாக்டர்கிட்ட போனீங்களா?

– போனேன். மூளைல ஏதோ சுரக்க வேண்டியது சுரக்கலயாம். மாத்திரை போட்டா கொஞ்சம் அடங்கும், நிக்காதுன்னார். வண்டி ஓட்டக்கூடாதுன்னார். அவருக்கென்ன, சொல்லிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டுட்டார். ஓட்டாம நான் என்ன செய்யறது? எனக்கு வேற என்ன தெரியும்? கண்ணாடிக்கடை முதலாளிக்கு என் கை மேலதான் நம்பிக்கை. இவ்வளவு வருஷத்துல ஒரு கீறல் விழாம இறக்கியிருக்கேன். கை நடுங்குதுன்னு தெரிஞ்சா அன்னிக்கே வேற ஆள். வீட்டுல உட்கார வச்சுடுவாங்க. சுவத்தைப் பார்த்துட்டு, யாராவது சோறு ஊட்டறதுக்கு வாயைத் திறந்துக்கிட்டு... என்னால முடியாதுடா.

– எனக்கு உங்க மேல கோபம் வரணும். வர மாட்டேங்குது. பாவமா இருக்கு. ஆனா ஒண்ணு மட்டும் உண்மையைச் சொல்லுங்க. நெட்டையன் போறதுக்கு முன்னாடியே இது இருந்துதா?

– இருந்துது.

– வண்டி வாங்கறப்ப?

– ஏன் இப்படிப் போலீஸ்காரன் மாதிரி கேக்கறே?

– உங்க வெள்ளை வண்டிய நான்தானே பார்த்துட்டிருந்தேன். அது மேல டம்ளர் இல்ல, முட்டைய நிக்க வச்சு ஓட்டலாம். ஒரு குறை கிடையாது. அதை வித்துட்டு இந்தத் தகரடப்பாவை வாங்கிட்டு வந்து நிறுத்தினீங்க. இன்ஜின் ஆடுது, தண்டு ஆடுது, கதவு ஆடுது. ஏன் அத்தான்னு கேட்டேன். கண்ணு பட்டுடுச்சு, அதான் மாத்திட்டேன்னு சிரிச்சீங்க. எனக்கு அப்ப உறைக்கல.

– விடு மாப்ளே.

– ஆடுற வண்டில உட்கார்ந்தா கை ஆடறது தெரியாது. அதுக்குத்தானே? சொல்லுங்க!

– ஆமாடா! அதுக்குத்தான். வீட்டுல கை ஆடினா, வண்டி உதறல் கையிலயே நிக்குதுன்னு சொல்லலாம். கடையில ஆடினா அதையே சொல்லலாம். நல்லாத்தான் போயிட்டிருந்துது. நீ ஏன்டா ஒவ்வொண்ணா சரி பண்ணே? ரப்பரை மாத்தினே, ஸ்டியரிங் முட்டு மாத்தினே, கடைசில தண்டையும் சரி பண்ணே. நான் கேட்டேனா? பாசமா வந்து செஞ்சே, வேணாம்னு எப்படிச் சொல்றது? நீ வண்டியச் சரி பண்ணப் பண்ண எனக்கு ஒளிய இடமில்லாம போச்சு. அன்னிக்கு அந்த வளைவுல வண்டி அசையல. என் கை மட்டும்தான் ஆடிச்சு. அவன் பின்னாடி 'அண்ணே'ன்னு ஒரு சத்தம் போட்டான். அவ்வளவுதான்.

– அதுக்கப்புறம் வண்டி உதறிச்சுன்னு சொல்லிட்டீங்க. நான் மாட்டின வண்டி.

– வாய்ல வந்துது, சொல்லிட்டேன். உன்னைப் பத்தி நான் நினைக்கல. சத்தியமா அந்த நேரம் நினைக்கல. அப்புறம் திருப்பி எடுக்க முடியல.

– நான் தூங்கி எவ்வளவு நாளாச்சு தெரியுமா? கையை அறுத்துப் போட்டுடலாமான்னு இருந்துது. நீங்க எதிர்ல உட்கார்ந்து பார்த்துட்டு, விடு மாப்ளே, விடு மாப்ளேன்னு முதுகைத் தட்டிக் கொடுத்தீங்க.

– அடிக்கணும்னா அடி. நான் தடுக்க மாட்டேன்.

– அடிச்சு என்ன ஆகப்போகுது? சாவிய இப்படிக் கொடுங்க. இனிமே நீங்க எந்த வண்டியும் தொடக்கூடாது. இறங்கி இந்தப் பக்கம் வாங்க, நான் ஓட்டுறேன்.

– எங்க?

– நெட்டையன் வீட்டுக்கு. போற வழியில அக்காவையும் ஏத்திக்கலாம். நீங்க பேச வேணாம், சும்மா பக்கத்துல நில்லுங்க. நான் சொல்லிக்கிறேன். அக்கா கூட இருந்தா எனக்கு வாய் வரும்.

– அவளைக் கூப்பிடாதே.

– இதை அவகிட்ட மறைக்க முடியாது அத்தான். கேட்டதும் உடைஞ்சுதான் போவா. ஆனா தாங்கிப்பா. சின்ன வயசுல பக்கத்து வீட்டுத் தண்ணித் தொட்டில நான் டீசலை ஊத்திட்டேன். எங்கப்பா பெல்ட்டைக் கழட்டறார். அக்கா முன்னாடி வந்து நின்னு, நான்தான் ஊத்தினேன்னா. முதுகு பூரா வாங்கிட்டு ஒரு வார்த்தை சொல்லல. என் மேல அநியாயமா ஒரு சொல்லு விழ விட மாட்டா அவ.

– அவளைக் கூப்பிடாதேன்னு சொல்றேன்ல.

– ஏன்?

– என் கை நடுங்கறதை மொதல்ல பார்த்ததே அவதான். எனக்கே அப்ப தெரியாது. சட்டை பட்டன் மாட்ட வரல, வயசாச்சு போலன்னு விட்டுட்டேன். அவ பேசாம வந்து மாட்டிவிட்டா. ஒண்ணும் கேக்கல. கொஞ்ச நாள் கழிச்சு எங்கயோ போயிட்டு வந்து, ஒரு வண்டி பார்த்திருக்கேன், நல்லா ஆடுது, உங்களுக்கு அதுதான் சரிப்படும், வெள்ளையை வித்துடுங்கன்னா.

– பொய்.

– டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனது அவ. மாத்திரை வாங்கி ஒளிச்சு வைக்கிறது அவ.

– பொய் சொல்றீங்க. உங்க தலை தப்பணும்னு அவளை இழுத்து விடறீங்க. இருங்க, இப்பவே ஃபோன் போடறேன்.

– போடு.

– அவ இல்லன்னு சொன்னா என்ன பண்ணுவீங்க?

– சொல்லத்தான் சொல்லுவா. நல்லா சொல்லுவா. உனக்கே என் மேல சந்தேகம் வந்துடும்.

– ஃபோனே வேணாம். நான் நேரா நெட்டையன் வீட்டுக்குப் போறேன். எல்லாத்தையும் சொல்றேன். தண்டு சரியா இருக்கு, வண்டி சரியா இருக்கு, ஓட்டினவர் கைதான்னு சொல்றேன். உங்க ரெண்டு பேருக்கும் சேர்த்துச் சொல்றேன்.

– போ. தடுக்கல. ஆனா அந்தம்மா உன்னை நம்பாது மாப்ளே.

– ஏன் நம்பாது? என் வாய்லருந்துதானே கேக்கணும்னு காத்திருக்கு?

– உங்க அக்கா இன்னிக்குக் காலையிலயே அங்க போயிட்டு வந்துட்டா. 'தப்பு என் தம்பி செஞ்சது, நேர்ல வந்தா பயத்துல வேற யார் மேலயாவது பழி போடுவான், நீதான் பெரிய மனசு பண்ணணும்'னு அந்தம்மா கால்ல விழுந்து அழுதுட்டு வந்திருக்கா.